தூளிக்கு ஒரு புடவை

எங்கள் வீட்டில் ஒரே ஒரு பீரோ. அதில் என் மனைவியின் துணி ஒன்றுகூட இருந்ததில்லை. மூன்று தட்டும், தொங்கவிடும் கம்பியும் என்னுடைய பழைய துணிகளுக்கு. பழைய துணி என்றால் நான் உடுத்திப் பழசானது இல்லை. யாரோ தைத்து, யாரோ உடுத்தி, யாரோ வேண்டாமென்று கழித்தது. அதைத் தேடிப்பிடித்து, துவைத்து, விட்டுப்போன பொத்தானுக்கு அதே மாதிரி பொத்தான் தேடித் தைத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருப்பேன். இருபத்தைந்து வருடமாக எனக்கு இந்தப் பைத்தியம்.

வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில். கேஸ் வைத்துத் தகடு வெட்டுகிறவன் நான். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையில் பொறி பட்டு ஓட்டை விழாத நாள் கிடையாது. நல்ல துணிமேல் எனக்கு இத்தனை வெறி வந்ததே அதனால்தான் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். அவள் சொன்னதில் பாதியை நான் அப்போது காதில் வாங்கியதில்லை.

முதலில் வாங்கியது ஒரு கம்பளிக் கோட்டு. கல்யாணத்துக்கு முந்தி, ராயபுரத்தில் கப்பலில் கழித்த சாமான்கள் விற்கிற கடை ஒன்றில் தொங்கியது. கருநீலம். முன்னால் இரண்டு வரிசைப் பொத்தான், ஒவ்வொன்றிலும் நங்கூரம். ஏதோ குளிர் நாட்டு மாலுமி போட்டிருந்தது. உள்பையில் தையல் பிரிந்த இடத்தை அவனே வேறு நிற நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தான். அந்தக் கோணல் தையலைப் பார்த்தபிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. மெட்ராஸ் வெயிலில் கம்பளிக் கோட்டு வாங்கிய முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கல்யாணமாகி வந்த வாரத்தில் அதைப் பார்த்த என் மனைவி, "இத்த எப்ப போடுவீங்க? ஐஸ் கம்பெனில வேலைக்குச் சேரப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். துணி விஷயத்தில் கொஞ்சம் அதிகம் வரும்.

அதற்கப்புறம் பெல்பாட்டம் வந்தது, டெரிலின் சட்டைகள் வந்தன, தோள் வரைக்கும் இறங்கும் காலர் வைத்த சட்டைகள், சஃபாரி சூட் இரண்டு, நைலக்ஸ் புடவைகள், நெஞ்சில் பூ வேலை செய்த ஜாக்கெட்டுகள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா ஒருத்தி எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை வருவாள். அவள் மூட்டையைப் பிரித்து நான் முதலில் பார்த்த பிறகுதான் மற்றது போகும். காலரைத் திருப்பினால் எந்தக் காலத்துத் தையல் என்று சொல்லிவிடுவேன். விரலால் தேய்த்துப் பார்த்தே நூலில் என்ன கலப்பு என்று சொல்வேன். மார்க்கெட்டில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். தகடு வெட்டுவதை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், இது அப்படி வராது என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவிக்கு ஆரம்பத்தில் பயம். "செத்தவங்க துணி எது, இருக்கறவங்க துணி எதுன்னு தெரியுமா உங்களுக்கு? எல்லாத்தையும் வூட்ல தொங்க வுட்டா வூடு வெளங்குமா?" என்பாள். என்றாலும் பார்த்துக்கொண்டது அவள்தான். அந்துருண்டை போடுவாள், வேப்பிலை காயவைத்து மடிப்புக்குள் வைப்பாள். எங்கள் பக்கம் துணியை வெளியே காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் ஆலைக் கரி படிந்துவிடும். வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டையாகத்தான் உள்ளே வரும். அதனால் என் துணிகளை வீட்டுக்குள் கயிறு கட்டி மின்விசிறிக்குக் கீழே காயவைப்பாள். அவளுடைய புடவைகள் வெளியே கொடியில் கரி வாங்கிக்கொண்டு காயும். இதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுடையது சும்மா புடவை. என்னுடையது கிடைக்காத சரக்கு.

அவளுடைய துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது.

நாங்கள் இருப்பது திருவொற்றியூருக்கு மேற்கே, கால்வாய்க்கு அருகில், தரைத்தள வீடு. சில வருடங்களுக்கு முன்பு புயல் மழையில் கால்வாய் பொங்கித் தெருவுக்குள் வந்தது. வெறும் தண்ணீர் வந்திருந்தால் பழகின கதைதான். அந்த முறை தண்ணீரோடு ஆலை எண்ணெய் வந்தது. கருப்பாக, தார் மாதிரி, மூக்கைக் குத்துகிற நாற்றத்தோடு. நான் அப்போது சாத்தாங்காட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். ரோடு தெரியவில்லை, யாரும் வெளியே போக முடியவில்லை. போன் செய்தேன்.

"தண்ணி உள்ள வந்துகினு கீதுங்க," என்றாள். "கால்ல எல்லாம் எண்ண ஒட்டுது."

"பீரோவத் தொற. துணியெல்லாம் எடுத்து லாஃப்ட்ல போடு. கோட்ட மொதல்ல எடு. அது நனைஞ்சா போச்சு," என்றேன் நான்.

உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்டதாக ஞாபகம் வரவில்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வீட்டுக்கு வந்தேன். முழங்காலிலிருந்து பாதம் வரை கருப்பாக, கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஒண்ணும் ஆவலங்க, எல்லாம் மேல கீது," என்றாள். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் உருப்படியும் லாஃப்ட்டில் இருந்தது. ஒன்றிலும் ஒரு சொட்டுப் படவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது நாலு நாலாகக் கையில் சேர்த்துத் தூக்கி, ஸ்டூலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் அவள் பெட்டி முழுகிப்போயிருக்கிறது.

பெட்டியை நான் பார்த்தது தண்ணீர் வடிந்த பிறகு, தெருவில். ஊரே மெத்தை, பாய், தலையணை என்று எண்ணெயில் ஊறியதையெல்லாம் கொண்டுபோய் முனையில் குவித்திருந்தது. குவியலுக்கு மேலே எங்கள் டிரங்குப் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே எது புடவை, எது பாவாடை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே கருப்பு. அவளுடைய கல்யாணப் பட்டு அதில் இருந்தது. எங்கள் மகள் பிறந்தபோது தூளி கட்டிய பருத்திப் புடவை இருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தால் அதே புடவையில் தூளி கட்ட வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தாள்.

"மண்ணெண்ண போட்டுக்கூட பாத்துட்டேன். போவல," என்றாள்.

"போனா போவுது வுடு. புதுசு வாங்கிக்கலாம்," என்றேன்.

இதைச் சொன்னது நான். ஒரு மாலுமியின் கோணல் தையலுக்காகக் கோட்டு வாங்கியவன். பழைய துணிக்கு ஈடாகப் புதுத் துணி ஏதும் கிடையாது என்று மார்க்கெட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து, வியாசர்பாடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பார்க்க வந்தபோது, "பொட்டியெல்லாம் மேல தூக்கிட்டோம், கவலப்படாத," என்று என் மனைவி அவளிடம் பொய் சொன்னாள். மகள் போன பிறகு என்னிடம், "அதுகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படும்," என்றாள்.

புதுசு வாங்கினோமா என்றால், இல்லை. வெள்ள நிவாரணம் என்று வேன்களில் வந்து கொடுத்த நைட்டிகளும் பாலியஸ்டர் புடவைகளும்தான் அதற்குப் பிறகு அவள் உடுத்தியது. வாங்கலாம் வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொங்கலுக்கு என்றேன், ஆடித் தள்ளுபடிக்கு என்றேன். அதற்கிடையில் எனக்காக இரண்டு பெல்பாட்டம் வந்தது. அடுத்த வருடம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று, செத்தவர்கள் கட்டிய துணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எடுத்துக் கொடுத்துவிடுவது வழக்கம். வேண்டியவர்கள் ஞாபகத்துக்கு ஒன்றிரண்டை எடுத்துவைத்துக்கொள்வார்கள். என் மனைவியின் அக்காதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். கொடியில் இருந்ததை எடுத்து மடித்தாள். மொத்தம் ஐந்து புடவை, நாலு நைட்டி.

"இன்னாப்பா, ஒண்ணு வெச்சிக்கிறியா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் அந்த ஐந்தையும் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஒரு புருஷனாகப் பார்க்கவில்லை. பாத்திரக்காரியின் மூட்டையைப் பிரித்தால் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். பாலியஸ்டர், அச்சடித்த பூ, கரை மட்டம், வைத்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை என்று கண் தானாகவே கழித்துவிட்டது. "வேணாங்க்கா, எடுத்துகினு போங்க," என்றேன். மகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். வாந்தியும் மயக்கமுமாக உள்ளே படுத்திருந்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

எட்டாம் மாதத்தில் அவள் போன் செய்தாள்.

"நைனா, அம்மா பொடவ ஒண்ணு வேணும். தூளி கட்டணும். அந்த டிரங்குப் பொட்டில எதுனா ஒண்ணு. எதுவானாலும் பரவால்ல."

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தூளியும் அப்படித்தான், பெண்ணைப் பெற்றவளின் புடவையில். அந்தப் புடவை இருந்தால் அவளே மடியில் வைத்திருக்கிற மாதிரி என்பார்கள். தாய் இல்லாத பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

"பாக்கறேம்மா," என்றேன். பெட்டி இல்லை என்ற இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை.

அன்று லீவு போட்டுவிட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். தலையணை உறை, மிதியடி, ஜன்னல் திரை எல்லாவற்றையும் பார்த்தேன். பெண்கள் பழைய புடவையை இப்படி எதையாவது ஆக்கித்தான் வைத்திருப்பார்கள். வெள்ளத்துக்கு முந்தையது எதுவும் தப்பியிருக்கவில்லை. கடைசியில் அடுப்பு மேடையில், சூடான பாத்திரம் இறக்குகிற கரித்துணி ஒன்று கிடைத்தது. நாலாக மடித்துத் தைத்த துணி. அவள் புடவையிலிருந்து கிழித்ததாகத்தான் இருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன். பருத்தி என்று தெரிந்தது. எந்தப் புடவை, அவள் அதை எப்போது கட்டினாள், என்ன நிறமாக இருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஊரான் சட்டையின் காலரைத் திருப்பி அதன் ஜாதகத்தையே சொல்கிறவன் நான்.

போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லா விசேஷத்திலும் நான் முன்னால் நிற்கிறேன். சஃபாரி சூட்டில், அகலக் காலரில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அவள் எனக்குப் பின்னால். ஒரு தோளும் பாதி முகமும் தெரிகிறது. சிலதில் முந்தானை மட்டும். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அக்கா வீட்டுக்குப் போய், கொடுத்த ஐந்தில் ஒன்றாவது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள்.

"கருமாதில குடுத்தத திருப்பிக் கேப்பாங்களா யாரானா? அன்னிக்கு நான் கேட்டனா இல்லியா? மூஞ்சக் கூட சுளிச்சிகினு வேணான்னியே. இப்ப இன்னாத்துக்கு வந்து நிக்கற?"

நியாயமான கேள்வி. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். மூன்றாம் தட்டில் ஒரு சுங்குடிப் புடவை இருந்தது. அரக்கு நிறம், கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது, ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. பாத்திரக்காரியின் மூட்டையில் பல வருடங்களுக்கு முன்பு கிடைத்தது. யாருடையது என்று அவளுக்கும் தெரியாது. எத்தனையோ தரம் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. பிள்ளையைப் போட அதைவிட நல்ல துணி கிடையாது. நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்தேன். யோசித்துத்தான் எடுத்தேன். அந்துருண்டை நாற்றம் போக மூன்று தண்ணீரில் அலசி, வீட்டுக்குள் கயிறு கட்டி, மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டேன்.

வியாசர்பாடியில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அம்மாவோடதுதான்," என்றேன். கேட்காமலேயே சொன்னேன். அவள் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "தேங்ஸ் நைனா," என்றாள். என் மகள் எனக்கு அதுவரை தேங்ஸ் சொன்னதில்லை.

பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் கொக்கியில் அந்தப் புடவையைக் கட்டித் தூளியில் போட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "ஆயா பொடவைல இன்னா சொகமா தூங்குது பாரு," என்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குள் கேட்டுக்கொள்வேன். அது எந்த ஆயாவின் புடவை? இருக்கிறாளா, செத்தாளா? அவள் பிள்ளைகள் அதைத் தேடினார்களா? இத்தனை வருடத்தில் என் பீரோவில் இருந்த ஒரு துணியைப் பற்றியும் நான் இப்படி யோசித்ததில்லை. தையலைப் பார்த்தேன், நூலைப் பார்த்தேன். அது இல்லாமல் போன வீட்டைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைப் பார்க்கப் போவேன். தூளிப் பக்கம் போகமாட்டேன். வாசலிலேயே உட்கார்ந்து, குழந்தையை வெளியே கொண்டுவரச் சொல்வேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிறு மத்தியானம் மருமகன் வேலைக்குப் போயிருந்தான், வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் தூளியை ஆட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னா நைனா, எப்பப் பாரு வாசல்லயே குந்திகினு கீற. உள்ள வா."

உள்ளே போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் புடவையின் சிவப்பு நிழல் விழுந்திருந்தது. எப்படியாவது சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது எனக்கு.

"அது உங்கம்மா பொடவ இல்லம்மா," என்றேன். "பொட்டி வெள்ளத்துலயே போச்சு. மிச்சம் இருந்ததயும் கருமாதில நான்தான் குடுக்கச் சொன்னேன். இது என் பீரோல இருந்தது. யாருதுன்னு எனக்கே தெரியாது."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். புடவையை அவிழ்த்து என் மூஞ்சியில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் நைனா," என்றாள். "நீ கொண்டாந்து குடுத்த அன்னிக்கே தெரியும்."

"எப்பிடி?"

"எங்கம்மா எப்ப நைனா இவ்ளோ நல்ல பொடவ கட்டிச்சு?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள், நான் பதில் சொன்னால் கேட்டுக்கொள்வாள் போல என்னைப் பார்த்தாள். நானும் பதில் சொல்லத்தான் பார்த்தேன். கல்யாணப் பட்டை விட்டுவிட்டு, நானாகக் கடைக்குப் போய், அவளுக்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்த நல்ல புடவை ஒன்றை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். தீபாவளி தீபாவளியாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். குழந்தை எழுந்து அழுகிற வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.